14 அங்குலமா, 12 அங்குலமா? பொல்கொடவில் ஒரு புரொப்பெல்லர் கணக்கு

பெரியம்மாவின் கண்ணுக்கு பொல்கொட ஏரி தெரியவில்லை, வானம் மட்டுமே தெரிந்தது. படகின் முன்முனையான அணியம் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. பின்முனையில், கடையார்ப் பக்கம், நுரை பொங்கியது. ஆனால் எங்கள் 17 அடிப் படகு, பெரியவர்கள் 4 பேர், பிள்ளைகள் 3 பேர், ஓர் ஐஸ் பெட்டி ஆகியவற்றின் பாரத்தோடு எருமை உழுவதுபோல் நீரை உழுதுகொண்டு போனதே தவிர, மேலெழுந்து ஓட மறுத்தது. பிள்ளைகளை முன்னால் நகர்த்தி உட்காரவைத்த பிறகுதான் ஒருவழியாக எழுந்தது. "இதைவிட பஸ்ஸில் பாணந்துறைக்குப் போயிருக்கலாம்" என்றார் பெரியம்மா.

முந்தின நாள் மச்சானும் நானும் மட்டும் போனபோது இதே படகு, இதே எஞ்சினோடு, மணிக்கு 50 கிலோமீற்றரைத் தொட்டிருந்தது. அந்த எண்ணைக் கைபேசியில் படம் பிடித்து வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு மச்சான் அனுப்பியும் விட்டார். பழுது எஞ்சினில் இல்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்களுடையது பாவித்த எஞ்சின்: யமஹா எஃப்60, 60 குதிரைவலு, நான்கு வீச்சு. விற்றவர் 14 அங்குலப் புரொப்பெல்லரோடு தந்தார். "நல்ல வேகம் போகும்" என்று சொன்னார், அதில் பொய் இல்லை. எத்தனை பேரோடு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புரொப்பெல்லரின் மையத்தில் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பின்னால் ஓர் எழுத்து இருந்தால், அது எந்த அளவு எஞ்சினுக்கு அது பொருந்தும் என்பதைச் சொல்வது. பள்ளியில் திருகாணியைப் பற்றிப் படித்தபோது புரியிடை என்று ஒரு சொல் வந்ததே, பிட்ச் என்பது அதுதான். மரத்தில் இறங்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறுமோ, அதுபோல் புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்பது. 14 என்றால் ஒரு சுற்றுக்கு 14 அங்குலம். ஆனால் நீர் மரம் அல்ல, பிடி கொடுக்காமல் நழுவும். அந்த நழுவலை முழுக்க ஒழிக்கவும் முடியாது, ஒழித்தால் தள்ளுவிசையே பிறக்காது. பாரம் குறைந்த படகில் நழுவல் 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் நல்லது. பாரம் ஏற ஏற அது கூடும்.

கணக்கு எளிது. எஞ்சினின் நிமிடச் சுற்றை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, மீண்டும் 0.001524ஆல் பெருக்கினால், நழுவலே இல்லாவிட்டால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கிடைக்கும். எங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 1.85, அதாவது எஞ்சின் 1.85 சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. இருவர் மட்டும் போனபோது, நிமிடச் சுற்றைக் காட்டும் டகோமீற்றர் 5300 காட்டியது. கணக்குப்படி 61 கிலோமீற்றர் போயிருக்க வேண்டும், போனது 50. நழுவல் 18 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். ஏழு பேரோடு போனபோது சுற்று 4600, கணக்கு வேகம் 53, உண்மையில் போனது 37. நழுவல் 30 சதவீதம். நாங்கள் கொடுத்த பெற்றோலில் நல்ல பங்கு ஏரியைக் கலக்கியதற்குத்தான் செலவானது.

ஆனால் வேகம் குறைந்ததைவிட அந்த 4600தான் எனக்குக் கவலை தந்தது. படகின் பின்னால் மாட்டும் இதுபோன்ற ஒவ்வொரு வெளியிணைப்பு இயந்திரத்துக்கும், முழு விசையில் அது எத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். இதற்கு 5000 முதல் 6000 வரை. கைப்பிடியை முழுதாகத் தள்ளியும் 5000ஐ எட்டவில்லை என்றால், கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸை ஐந்தாம் கியரில் ஏற்றுவதற்குச் சமம். பஸ் என்றால் குலுங்கும், சாரதிக்குத் தெரிந்துவிடும். படகில் அப்படித் தெரியாது. நீரில் எல்லாம் வழுவழுப்பாகவே நடக்கும். உள்ளே பிஸ்டன் தலையில் சூடு கூடும், கரி படியும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும், அச்சைத் தாங்கும் பெயரிங்குகள் தேயும். இரண்டு பருவம் கழித்துச் செலவுச்சீட்டு வரும்போதுதான் தெரியும். எதிர்ப்பக்கத் தவறு, அதாவது பிட்ச் மிகக் குறைந்து 6000ஐத் தாண்டி ஓடுவது, அதுவும் கெடுதிதான். ஆனால் அது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இப்போதைய எஞ்சின்களில் வரம்பைத் தாண்டினால் வெட்டிவிடும் ஏற்பாடும் உண்டு. இரண்டு தவறில் ஒன்றைச் செய்தே தீர வேண்டும் என்றால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

முகத்துவாரத்தில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தும் ஓர் அண்ணர் இருக்கிறார். உல்லாசப் படகுக்காரர்கள் அவரிடம் அதிகம் போவதில்லை. போக வேண்டும். வெறுமையாகப் புறப்பட்டு, வலையும் மீனும் ஐஸுமாகக் கனத்துத் திரும்பும் வள்ளங்களுக்கு 30 வருடமாகப் புரொப்பெல்லர் மாட்டுகிறவருக்குப் பாரத்தைப் பற்றித் தெரியாததா? புரொப்பெல்லரைக் கழற்றி அவர் மேசையில் வைத்தோம். பொறித்த எண்ணைப் பழைய கறுப்புப் பெயின்ட் அடைத்திருந்தது. சுவரில் கணக்கெழுத வைத்திருந்த வெண்கட்டியை எடுத்து, அதன்மேல் படுக்கைவசமாகத் தேய்த்து, கட்டைவிரலால் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது: 14. அவர் சிரிக்கவில்லை, ஆனால் புருவம் மேலே போனது.

பிட்ச்சைக் குறை சொல்வதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும் என்றார். புரொப்பெல்லரின் மையத்தில், உலோகத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு றப்பர்ப் பூண் இருக்கிறது. எதிலாவது மோதினால் கியரைக் காப்பாற்றுவதற்காக அது வழுக்கும். ஒருமுறை பலமாக வழுக்கினால் பிறகு பாரம் ஏறும்போதெல்லாம் வழுக்கும். எஞ்சின் சுற்றும், படகு போகாது. அதைக் கண்டுபிடிக்க உள்வளையத்திலிருந்து வெளிவளையம்வரை பெயின்ட்டால் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு ஓடிப் பார்க்கச் சொன்னார். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் பூண் போய்விட்டது. எங்களுடையது விலகவில்லை. எங்கள் சுற்று ஏறாமல் நின்றதே அதற்கு முதல் சாட்சி, பூண் வழுக்கினால் சுற்று தாறுமாறாக ஏறியிருக்கும். அடுத்து படகின் அடிப்பாகம். நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகில் பாசி ஏறினால் அதுவே சில நூறு சுற்றைத் தின்றுவிடும். தேய்த்துக் கழுவினோம். எஞ்சினின் உயரம், சாய்வு எல்லாம் சரி. கடைசியில் குற்றவாளி பிட்ச்தான்.

இனித் தெரிவு. பொதுவான விதி ஒன்று உண்டு: பிட்ச்சை 1 அங்குலம் குறைத்தால் முழு விசையில் 150 முதல் 200 சுற்று வரை கூடும். எங்கள் 4600ஐ வைத்து இந்த விதியை ஓட்டிப் பார்த்தால் 13 போட்டால் ஏழு பேரோடு 4800 அளவில் நிற்கும். அதாவது வரம்புக்கு இன்னும் கீழேதான். காசு கொடுத்துப் பாதி நோயை மட்டும் தீர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. மச்சானுக்கு 13தான் பிடித்தது, ஏனென்றால் அந்த 50 கிலோமீற்றர் படம் அவர் கைபேசியில் இன்னும் இருந்தது. அண்ணரிடம் 12உம் 11உம் பாவித்ததாக இருந்தன. முற்பணம் வைத்து இரண்டையும் ஒரு வார இறுதிக்கு வாங்கி வந்தோம். புரொப்பெல்லர் வாங்குகிறவர்கள் முடிந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும். கடையில் நின்று யோசிப்பதால் ஒன்றும் தெரியவராது.

சனிக்கிழமை காலை, காற்று எழுவதற்கு முன், தாங்கி நிறையப் பெற்றோலோடு, ஒரே தூரத்தைப் போகவும் வரவுமாக ஓடிச் சராசரி எடுத்தோம். முழு விசை ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கு மேல் இல்லை. இருவரோடு ஒரு தடவை, பிறகு ஏழு பேரோடு ஒரு தடவை. பெரியம்மா வர மறுத்துவிட்டதால் அவருக்குப் பதிலாக 20 லீற்றர்த் தண்ணீர்க் கலன்கள் 3 வைத்தோம். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

12 அங்குலத்தோடு இருவர் போனபோது சுற்று 5700, வேகம் 48. ஏழு பேரின் பாரத்தோடு 5050, வேகம் 39. அதாவது இருவராகப் போகும்போது 2 கிலோமீற்றர் இழந்தோம், குடும்பத்தோடு போகும்போது 2 கிலோமீற்றர் பெற்றோம். இந்த இரண்டாவது எண்தான் பலருக்கு நம்பமுடியாதது. பிட்ச் குறைந்தால் வேகம் குறையும் என்பது எஞ்சின் தன் வரம்பில் ஓடும்போது மட்டும் உண்மை. மூச்சுத் திணறும் எஞ்சினுக்கு அது பொருந்தாது. ஆனால் இந்த 2 கிலோமீற்றருக்காக யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள். படகு எழுந்து ஓடத் தொடங்கும் நேரத்தில்தான் மாற்றம் இருந்தது. 14இல் பிள்ளைகளை இடம் மாற்றியும் 16 செக்கன். 12இல் யாரையும் அசைக்காமல் 8. அணியம் தூக்கியது, தூக்கிய வேகத்திலேயே தாழ்ந்தது, எதிரே ஏரி தெரிந்தது.

11 இன்னும் சுறுசுறுப்பு. பாரத்தோடு 6 செக்கனில் எழுந்தது, சுற்று 5250, வேகம் 38. ஆனால் இருவராகப் போனபோது 5900. வரம்புக்குள்தான், ஆயினும் காற்று பின்னாலிருந்து தள்ளினாலோ தாங்கி பாதி காலியானாலோ 6000ஐ முட்டும். கைப்பிடியில் எப்போதும் ஒரு கவனம் வேண்டும்; மச்சான் கையில் அந்தக் கவனத்தை நான் எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகளை மிதவையில் கட்டி இழுப்பதுதான் பெரும்பாலான வேலை என்றால் நான் 11ஐ எடுத்திருப்பேன். நுவரெலியா கிறகரி வாவியில் இதே படகை ஓட்டுவதானாலும் 11தான், ஏன் 10கூட ஆகலாம். அங்கே உயரம் கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல். காற்று ஐதாவதால் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும்.

12இலும் 11இலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்கக் கூடாது. இருவர் நிதானமாக 35 கிலோமீற்றரில் போகும்போது, அதே வேகத்துக்கு 14ஐவிட அதிகச் சுற்று வேண்டும். சத்தமும் கூடும், பெற்றோலும் கொஞ்சம் கூடும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், பிறகு கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்றதையும் மறக்காதவர்களுக்கு இந்தக் கொஞ்சமும் உறுத்தும். எப்போதும் தனியாகத் தூண்டில் போடப் போகிறவர், மனைவி பிள்ளைகள் படகில் ஏறவே மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர், 14ஐயே வைத்துக்கொள்ளட்டும். இருவரோடு 5300 என்பது வரம்புக்குள் வரும் எண்தான்.

நான்கு இதழ்ப் புரொப்பெல்லரைப் பற்றியும் விசாரித்தேன். இதழ் கூடினால் நீரைப் பிடிக்கும் பரப்பு கூடும்; அதிர்வு குறையும்; வளைவில் காற்றை உறிஞ்சிப் பிடி இழப்பது குறையும்; குறைந்த வேகத்திலும் படகு எழுந்த நிலையிலேயே நிற்கும். ஆனால் அந்தக் கூடுதல் இதழைச் சுழற்றவும் வலு வேண்டும் என்பதால் சுற்று சிறிது இறங்கும், அதற்காகப் பிட்ச்சில் 1 அங்குலம் குறைத்து வாங்க வேண்டும். களப்பு வாயைத் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல முதலீடு. நாங்கள் பாணந்துறை முகத்துவாரத்தைத் தாண்டுவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் இல்லை. எங்களுக்கு அது தேவையில்லாத ஆடம்பரம். இதழ் கூடினால் எல்லாம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை: 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் லண்டன் கால்வாயில் தன் மரத் திருகை வெள்ளோட்டம் விட்டபோது, இரண்டு சுற்றாக இருந்த திருகில் ஒரு பாதி எதிலோ மோதி உடைந்து போனது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது.

உலோகத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதழ் மெல்லியது, பாரத்தில் வளையாது, ஆகவே வேகமும் சிறிது கூடும். விலையோ அலுமினியத்தைப் போல் பல மடங்கு. பொல்கொடவில் சல்வீனியா என்ற மிதக்கும் களைக்கு அடியில் மரக்கட்டை கிடக்கும், கரையோரம் மூங்கில் கழி நட்டிருப்பார்கள், அறுந்த வலை மிதக்கும். அலுமினிய இதழ் மோதினால் அது வளையும், உடையும், புதியது வாங்கலாம். எஃகு இதழ் வளையாமல் அந்த அடியை உள்ளே இருக்கும் கியருக்கு அனுப்பிவிடும். ஆழமான, சுத்தமான நீரில் ஓடுகிறவர்கள் எஃகுக்குப் போகட்டும். இந்த ஏரியில் அலுமினியத்தைத்தான் சொல்வேன், யார் கேட்டாலும்.

மச்சான் வேறொரு யோசனை வைத்திருந்தார்: இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை 14, ஞாயிற்றுக்கிழமை 12. மாற்றுவது பெரிய வேலை இல்லைதான். நட்டைப் பூட்டியிருக்கும் பின் ஊசியை நிமிர்த்தி உருவ வேண்டும், நட்டைக் கழற்ற வேண்டும், அச்சுக்குக் கிறீஸ் பூசி மறுபடி மாட்ட வேண்டும். 15 நிமிடம் போதும். ஆனால் இதை அவர் எத்தனை ஞாயிறு செய்வார் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வாரம் 14ஓடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போவோம். சுமையில் மாறுபடும் படகுக்கு, கனத்த நாளைக் கணக்கில் வைத்து ஒரே புரொப்பெல்லரை மாட்டி மறந்துவிடுவதுதான் நல்லது. அண்ணரும் அதையே வேறுவிதமாகச் சொன்னார்: "வெறும் வள்ளம் எல்லாம் நல்லாய் ஓடும், தம்பி. நிறைந்து வரும்போது எப்படி ஓடுகிறது என்று பார்த்து வாங்குங்கள்."

12ஐ வாங்கினோம், புதிதாக, அலுமினியத்தில். பாவித்த 11ஐயும் அண்ணர் குறைத்துத் தந்தார். அது உபரியாக முன்பெட்டியில், ஒரு நட்டும் இரண்டு பின் ஊசிகளும் மரத்துண்டு ஒன்றும் சேர்த்துக் கட்டியபடி கிடக்கிறது. உபரி எப்போதும் மாட்டியிருப்பதைவிடக் குறைந்த பிட்ச்சாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதை மாட்டும் நாள் ஏற்கனவே கெட்ட நாளாகத்தான் இருக்கும். மரத்துண்டு, நட்டைத் திருகும்போது இதழ் சுழலாமல் முட்டுக்கொடுக்க. புதியதை மாட்டும்போது அச்சின் அடியில் பார்த்தோம், தூண்டில் நைலோன் நூல் ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றிக்கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் எண்ணெய் கசியாமல் காக்கும் அடைப்பை வெட்டியிருக்கும், கியர் எண்ணெயில் நீர் புகுந்து பால்போல் வெளுத்திருக்கும். 14ஐக் கழற்ற நேர்ந்ததில் கிடைத்த இன்னொரு நன்மை அது.

பெரியம்மா இரண்டு வாரம் கழித்து வந்தார். அணியம் தாழ்ந்து படகு ஓடத் தொடங்கியதும், கடலை உருண்டை டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். புரொப்பெல்லரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

14 இப்போது மச்சான் வீட்டு வாகனக் கொட்டகையில் தொங்குகிறது. அடுத்த வருடம் எஞ்சினை 75 குதிரைவலுவுக்கு மாற்றும்போது உதவும் என்று அதற்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். 75இன் அச்சு அளவு வேறு, இது அதில் ஏறாது. நான் இன்னும் சொல்லவில்லை.